மந்திரித்த பிறகு போட்ட சீட்டு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், புதிதாக வாங்கிய மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் ஆல்டரேஷன் செய்ய உகந்த காலம் எது என்ற, மனித குலத்தை நெடுங்காலமாக வாட்டிவரும் கேள்விக்கு அடியேன் விடை கண்டுபிடித்துவிட்டேன். முதலிலேயே சொன்னால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

இது நடந்தது. நடந்ததாக ஒருவர் சொன்னார், அவருக்கு இன்னொருவர் சொன்னார் என்ற கதை இல்லை. எனக்கே நடந்தது. நான் குடிப்பதில்லை. நல்லொழுக்கம் காரணமல்ல, சர்க்கரை. பேய்க் கதை சொல்பவர்கள் வழக்கமாக நடுநிசியையும் புளியமரத்தையும் கூட்டிவருவார்கள். என் கதையில் மணி மாலை ஆறு நாற்பது. மரமே கிடையாது. முன்னால் நூறு கண்டெய்னர் லாரி, பின்னால் நூறு கண்டெய்னர் லாரி. இத்தனை ஹாரனுக்கு நடுவில் எந்தப் பேய்க்கும் வாழப் பிடிக்காது என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

வண்டி ஜூடிக்காக வாங்கியது. ஜூடி என் மனைவி. போன வருஷம் அக்டோபரில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, ஒரு வருஷமாக ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலோரம்தான் அவளுக்கு உலகம். குனியக் கூடாது, தாழ்வான சீட்டில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் குனியாமல் ஏறுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். காசிமேட்டுக் கல்லறையில் ஜூடியின் அக்கா டெபோரா இருக்கிறாள். போன வருஷம் ஜூடி ஆஸ்பத்திரியில் இருந்ததால் நான்தான் போய் மெழுகுவத்தி ஏற்றினேன். காற்றில் அணைந்துவிட்டது. அதை வந்து சொல்லவும் செய்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

"இந்த வருசம் நானே போயி கையால பொத்திகினு ஏத்தறேன்" என்று அன்றே சொல்லிவிட்டாள்.

அதற்காகத்தான் முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டும் வைத்த இந்த மோட்டார் சைக்கிள். பின்னால் இருந்த சாமான் தட்டை எடுத்துவிட்டு, உயரமாக, சாய்மானமும் கைப்பிடியும் கால் வைக்கப் படியும் உள்ள அகலமான சீட்டு ஒன்று போட வேண்டும். போடலாமா என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்போது என்பதில்தான் மூன்று மதங்கள் மோதின.

ஷோரூம் அன்பரசன், கழுத்தில் டை கட்டிய இளைஞர், "ஃபர்ஸ்ட் சர்வீஸ் முடியட்டும் சார். அதுக்கு முன்னாடி கை வெச்சா வாரண்டி போயிடும்" என்றார். வாரண்டி என்ற சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார், பூசையில் மணியடிக்கும் நேரம் போல.

விம்கோ நகரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தாவூது என் முப்பது வருஷ தோஸ்து. "இப்பவே போட்ரு மாமு. வண்டி ஓடி செட் ஆனப்பறம் வெட்டுனா ஆடும்" என்றான்.

ஜூடியின் கட்சி வேறு. "மொதல்ல சீட்டு போடுங்க. அப்பறம் மந்திரிங்க."

கத்தோலிக்கர்களான எங்களில் புது வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபிப்பதை மந்திரிப்பது என்போம். தாவூதின் அகராதியில் மந்திரிப்பது என்றால் பேய் ஓட்டுவது. விஷயத்தைச் சொன்னதும் வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமு, ஷோரூம்லயே பேய் ஏத்தி வுட்டானுங்களா?"

சாமியார் திங்கட்கிழமை தியானத்துக்கு வெளியூர் போகிறார், ஐந்தாம் தேதிதான் வருவார் என்று தெரிந்தது. அதனால் நான், அறிவுள்ள மனிதனாக, ஞாயிற்றுக்கிழமை மந்திரித்து, புதன்கிழமை சீட்டுப் போடுவது என்று முடிவெடுத்தேன்.

"சீட்டு இல்லாம மந்திரிச்சா சீட்டு கணக்குல வராதுங்க" என்றாள் ஜூடி.

"ஏன், கடவுள் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்குக்குத் தனி பில் போடுவாரா?" என்றேன். வீட்டில் நகைச்சுவைக்கு மதிப்பில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை சீட்டு ஏறியது. கறுப்பு ரெக்ஸின், அரியணை மாதிரி இருந்தது. பட்டறையை விட்டுக் கிளம்பும்போது மாலை ஆறு பத்து. தூறல். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வழக்கம்போல லாரிகள் வரிசையாக நின்று நகர்ந்தன. எனக்கு இடது பக்கம் கடல்.

கொஞ்ச தூரம் வந்ததும் வண்டி கடல் பக்கமாகச் சாய்வது தெரிந்தது. லேசாகத்தான். தாவூது பைப்பை ஒரு பக்கம் கனமாகப் போட்டுவிட்டான் என்று திட்டிக்கொண்டேன்.

பைக்கில் முந்திப் போன பையன் ஒருவன் திரும்பி என் வண்டியின் கீழே விரலைக் காட்டி ஏதோ கத்தினான். ஹாரனில் கேட்கவில்லை. சென்னையில் ஒருவன் உங்கள் வண்டிக்குக் கீழே கை காட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சைடு ஸ்டாண்டு. நானும் பழக்கதோஷத்தில் காலால் துழாவினேன்.

மூன்று சக்கர வண்டிக்கு ஏது சைடு ஸ்டாண்டு?

சிரித்துக்கொண்டேன். ஊருக்கு உபதேசம் செய்வதென்றால் இவர்களுக்கு வண்டியைக்கூடப் பார்க்கத் தேவையில்லை.

அடுத்து ஷேர் ஆட்டோவில் இருந்து ஓர் அம்மாள். அதே விரல். அதே இடம். பின் சக்கரம், இடது பக்கம். அவர் முகத்தில் பதற்றம் இருந்தது. சைடு ஸ்டாண்டுக்கு யாரும் அவ்வளவு பதற மாட்டார்கள்.

போக்குவரத்து நின்றது. பக்கத்தில் ஒரு டிரெய்லர். மேலேயிருந்து கிளீனர் தலையை நீட்டினான்.

"யோவ் பெர்சு. பொடவ சக்கரத்துல மாட்டிக்கப் போவுது. அந்தக்காவ இஸ்து சொருவிக்கச் சொல்லு."

எந்த அக்கா என்று கேட்க வாயெடுத்தேன். டிரெய்லர் நகர்ந்துவிட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். மழைத்துளி. சீட்டின் சாய்மானம். வேறு ஒன்றுமில்லை.

மணி ஆறு நாற்பது.

இடது தோளில் இரண்டு தட்டு. மெதுவாக. தட்... தட்.

ஜூடி பின்னால் உட்கார்ந்தால் இப்படித்தான். இரண்டு தட்டு தட்டினால் மெதுவாகப் போ என்று அர்த்தம். இருபத்தாறு வருஷப் பழக்கம். "சரிம்மா" என்று சொல்லி வேகத்தைக் குறைத்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது.

ஜூடி வீட்டில் இருக்கிறாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். இறங்கினேன்.

யாரும் இல்லை.

புது ரெக்ஸின் நனைந்து பளபளத்தது. வலது பக்கம். இடது பக்கம் மட்டும்... காய்ந்திருந்தது. ஓர் ஆள் உட்காரும் அளவு.

தொட்டேன்.

சூடாக இருந்தது.

எப்படி வீடு வந்தேன் என்று கேட்காதீர்கள். வழி நெடுக வண்டி கடல் பக்கமே சாய்ந்தது. ராயபுரத்துக்குள் திரும்பி, கடல் எங்கேயோ போன பிறகும் இடது பக்கமே சாய்ந்தது. வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் படியேறினேன். ஜன்னலில் ஜூடி.

"இன்னாங்க, மழையில அவங்கள வுட்டுட்டு நீங்க மட்டும் உள்ள வரீங்க?"

"எவங்கள?"

அவள் தெருவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. தலைய தொவட்டுங்க" என்றாள்.

காலையில் முதல் வேலையாகத் தாவூதிடம் போனேன். எந்த விபத்து வண்டியில் இருந்து அந்தச் சீட்டைக் கழற்றினான் என்று கேட்டேன். எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. ஒரு விபத்து, ஒரு புடவை, ஒரு சக்கரம். காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தாவூதுக்குக் கோபம் வந்தது. "யாரப் பாத்து பழைய மால் போட்டேன்ற? பைப்பு புச்சு. ஃபோமு புச்சு. ரெக்ஸினு நேத்து காலைல நீ வந்து நின்னுகினு இருக்கச் சொல்லோதான பிரிச்சது. உன் கண்ணு முன்னாடி."

உண்மைதான். நான்தான் உறையைக் கிழித்தேன்.

"கழட்டிடு" என்றேன்.

"கழட்டறேன். அப்பறம் ஜூடிக்கா எதுல கல்லறைக்குப் போவும்? உன் தோள் மேலயா?"

சாமியார் ஊரில் இல்லை. திருநாளுக்கு மூன்று நாள்தான். அந்தச் சீட்டில் அவளை உட்கார வைக்க எனக்குத் தைரியம் இல்லை. உட்கார வைக்காவிட்டால் இன்னொரு வருஷம் ஜன்னல். தொழிற்பேட்டைப் புகை வருகிறது, கூட்டம் இருக்கும், மழை வரும் என்று ஜூடியிடம் ஏதேதோ சொல்லிப் பார்த்தேன்.

"மெழுகுவத்தி வாங்கி வெச்சிட்டேன்" என்றாள். அதோடு முடிந்தது.

இரண்டாம் தேதி மத்தியானம், நல்ல வெயில். ஜூடி ஒரு வருஷத்துக்குப் பிறகு வாசற்படி தாண்டினாள். படியில் கால் வைத்தாள். கைப்பிடியைப் பிடித்தாள். ஏறி, வலது ஓரமாக ஒண்டி உட்கார்ந்தாள்.

"நடுவுல உட்காரு ஜூடி. விழுந்துடப் போற."

"எடம் வுட்டுத்தான் ஒக்காந்திருக்கேன். போற எடம் ஒண்ணுதான. நீங்க ஓட்டுங்க."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் இடது பக்கம் குனியாமல், கையை மட்டும் நீட்டி, எதையோ இழுத்துச் செருகினாள்.

நான் முன்னால் பார்த்து ஓட்டினேன்.

வண்டி சாயவில்லை. இரண்டு பக்கமும் சமமாக, நேராக ஓடியது. கல்லறை வாசலில் பூ விற்றவள் கூடையை நீட்டினாள். "ரெண்டக்காவுக்கும் குடுக்கட்டா?"

"குடு" என்றாள் ஜூடி.

டெபோராவின் கல்லறையில் மெழுகுவத்தியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து ஏற்றினாள். அணையவில்லை. ஒரு வருஷமாக நான் பார்க்காத முகம் அது. எந்தப் பேயாக இருந்தாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போதும் வண்டி நேராகத்தான் ஓடியது. வீட்டு வாசலில் ஜூடி இறங்கினாள். நான் கவனமாகப் பார்த்தேன். அவள் இறங்கியதும் வண்டி இடது பக்கம் சாய வேண்டும்.

சாயவில்லை. மட்டமாக நின்றது.

கூட வந்தவள் இறங்கிவிட்டாள், கல்லறையிலேயே இறங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் தேதி சாமியார் வந்தார். எதற்கும் இன்னொரு தடவை மந்திரித்துவிடலாம், இந்தத் தடவை சீட்டோடு, என்றேன்.

"இப்ப வேணாம்" என்றாள் ஜூடி.

"ஏன்?"

ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தாள். டெபோரா வீட்டுக்கு வந்திருக்கும் நாளில் சிரிப்பாளே, அப்படிச் சிரித்தாள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் வண்டியை யாரும் தொடவில்லை. தார்ப்பாய் போர்த்தி வாசலில் நின்றது. மழை விட்டதும் முதல் சர்வீஸுக்கு எடுத்துப் போனேன். அன்பரசன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, டையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பின்னாடி எவ்ளோ லோடு ஏத்தறீங்க சார்?"

"லோடே இல்ல. மூணு வாரமா நின்ன வண்டி."

"ஸ்பிரிங் ரெண்டும் உட்கார்ந்துடுச்சே. ஒரு பக்கம் போனா மேடு பள்ளம்னு சொல்லலாம். இது ரெண்டு பக்கமும் சமமா அமுங்கியிருக்கு. ரெண்டு பேர் ராவும் பகலும் எறங்காம உட்கார்ந்திருந்தாத்தான் இப்படி ஆகும்."

நான் சீட்டைப் பார்த்தேன். சமமாக, மட்டமாக, நேராக இருந்தது.

"மாத்தணும் சார். வாரண்டில வராது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

ஆகவே பொதுமக்களுக்கு நான் சொன்னபடி விடை: ஆல்டரேஷனை முதல் சர்வீஸுக்குப் பிறகு செய்யவும்.