பஸ்ஸில் எரிந்த ஊதாப் பொடி

எழுபதுகளின் நடுவில், மழை ஏமாற்றிவிட்ட ஒரு வருடத்தில் இது நடந்தது. அருப்புக்கோட்டையில் குடியிருந்துகொண்டு, திருச்சுழியைத் தாண்டி இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். நான் கணக்கு டீச்சர். வேதியியல் எடுத்தவர் மாற்றலாகிப் போக, அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பு வேதியியலும் என் தலையில் விழுந்தது.

விடிவதற்குள் குழாயடியில் நின்று, சமைத்து வைத்து, கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடிவந்து பஸ் பிடிப்பேன். வகுப்புக்குள் நுழையும்போதே பாதி உயிர் போயிருக்கும். அப்போதுதான் ஆக்சிஜனேற்ற எண் பாடம் வந்தது. பெர்மாங்கனேட்டில் பொட்டாசியத்துக்கு பிளஸ் ஒன்று, ஆக்சிஜன் நான்குக்கும் சேர்த்து மைனஸ் எட்டு, ஆக மாங்கனீசுக்கு பிளஸ் ஏழு. கூட்டல் கழித்தல்தானே, எனக்குச் சிரமமில்லை. போர்டில் போட்டுவிடுவேன். பிள்ளைகள் வாய் திறக்காமல் எழுதிக்கொள்வார்கள். அந்த ஏழு என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

செய்முறை ஏதாவது காட்டினால் தேவலை என்று தலைமை ஆசிரியர் சொன்னார். மதுரைக்குப் போன என் கணவர், ஆக்சிஜன் தயாரிப்பதற்குக் காகிதப் பொட்டலத்தில் பெர்மாங்கனேட்டும், கண்ணாடிக் குழாயை ரப்பர் கார்க்கில் செருகும்போது தடவுவதற்கு ஒரு சீசா கிளிசரினும் வாங்கிவந்தார். திங்கட்கிழமை காலை இரண்டையும் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நல்ல கூட்டம். பையை சீட்டுக்கு அடியில் வைத்தேன். பக்கத்தில் யாரோ ஒருவருடைய பருத்தி மூடை. வழியில் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள ஊரில் நடுத்தர வயது அம்மா ஒருவர் பித்தளைக் குடத்தில் தண்ணீரோடு ஏறினார். சீட்டு இல்லாததால் என் காலடியிலேயே குடத்தை அணைத்தபடி உட்கார்ந்துகொண்டார். குடத்து வாயில் தட்டு போட்டு மூடியிருந்தும், பஸ் குலுங்கும்போதெல்லாம் குடத்தைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். நான் கண்ணை மூடிவிட்டேன்.

காலில் சூடு பட்டுத்தான் விழித்தேன். பையிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. என்ன ஏது என்று குனிவதற்குள் ஊதா நிறத்தில் குபீரென்று தீப்பிடித்துக்கொண்டது. சீசா மூடி கழன்று கிளிசரின் பொட்டலத்தில் இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நெருப்புக் குச்சியே வேண்டாம் என்பது எனக்கு எங்கே தெரியும்? கையால் பையை இழுக்கப் பார்த்தேன், முடியவில்லை. பருத்தி மூடையின் சாக்கு கருக ஆரம்பித்தது. முன்னால் இருந்தவர்கள் அலறிக்கொண்டு படிக்கட்டுக்கு நெருக்கினார்கள். பின் சீட்டில் இருந்தவர்கள் இறங்க வழியில்லை.

அந்த அம்மா தட்டை எடுத்துப் போட்டுவிட்டுக் குடத்தை அப்படியே கவிழ்த்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. மிச்சத் தண்ணீரைச் சாக்கின் மேல் ஊற்றி, இரண்டு கையாலும் தேய்த்து அணைத்தார். பஸ் தரையெல்லாம் ஊதாத் தண்ணீர் ஓடியது.

"யாரு பையி இது? பஸ்ஸையே கொளுத்தப் பாத்தீகளே! எறங்குங்க மொதல்ல!" என்று கண்டக்டர் கத்தினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் இறங்கினேன். பின்னாலேயே வெறுங்குடத்தோடு அந்த அம்மாவும் இறங்கினார். பஸ் போய்விட்டது.

"நீங்க ஏங்க்கா எறங்குனீங்க?" என்றேன்.

"வெறுங்குடத்தோட வீட்டுக்குப் போயி என்ன செய்ய? மக புள்ளை பெத்துக் கெடக்கா. எங்கூருத் தண்ணி ஒரே உப்பு, வாயில வைக்க ஏலாது. திரும்பப் போயிப் பிடிச்சாரேன்."

குரலில் கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. நானும் அவர் கூடவே நடந்தேன். கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. நிழல் என்று சொல்ல அங்கங்கே கருவேல மரம்தான். நான் டீச்சர், பிள்ளைகளுக்குச் செய்து காட்டத்தான் அந்தச் சாமானைக் கொண்டுபோனேன் என்று சொன்னேன். பிறகு அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஊதாவாக இருந்தது பழுப்பாகியிருந்தது. பையை இழுக்கப் பார்த்த என் கையும் அப்படியே.

"அது என்ன பொடி டீச்சரம்மா? தீக்குச்சி இல்லாம எப்படி எரிஞ்சுச்சு?"

புத்தகத்தில் இருப்பதை அவரிடம் சொல்ல முடியாது. யோசித்து யோசித்துச் சொன்னேன். "அந்தப் பொடிக்கு அடுத்ததுகிட்ட இருந்து பறிக்கிற குணம்க்கா. கூட இருந்த எண்ணெய் மாதிரிச் சாமான் பறிகொடுக்கிற சாதி. பறிக்கிற வேகத்துல சூடு வந்து எரிஞ்சிருச்சு."

அவர் கேட்டார். "சரி, பறிகொடுத்தது எரிஞ்சு போச்சு. பறிச்சதுக்கு என்ன ஆச்சு?"

நான் நின்றுவிட்டேன். "அதுவும் பழையபடி இல்லக்கா. பறிச்சதை வச்சுக்கிட்டு வேற ஒண்ணா மாறிருச்சு. ஒங்க கையில இருக்கே, அதுதான்" என்று சொல்லும்போதுதான் எனக்கே விளங்கியது. ஊதா ஏழு. பழுப்பு நாலு. எங்கள் தோலிடமிருந்தே எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு மாங்கனீசு கீழே இறங்கியிருந்தது. ஏழு நாலானால் மூன்று வாங்கியிருக்கிறது, அந்தக் கணக்கைத்தான் எண் சொல்கிறது. அத்தனை நாள் சாக்பீஸால் எழுதியது என் கையிலேயே இருந்தது.

"அடியாத்தீ! சும்மா கெடந்த பொடிக்குள்ள இம்புட்டு நடக்குதா?" என்று அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கிணற்றில் தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் நான் இறைத்தேன். அரை வாளி அரை வாளியாகத்தான் வந்தது. கயிறு கையை அறுத்தது. அவர் சேலைத் தலைப்பில் வடிகட்டிக் குடத்தை நிரப்பினார். அடுத்த பஸ்ஸில் குடத்தை நான் பிடித்துக்கொண்டேன். தன் ஊரில் இறங்கும்போது, "வாரேன் டீச்சரம்மா, கையைப் பாத்துக்கோங்க" என்றார். பேரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. தலைமை ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். "டீச்சர், மருதாணியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. கையை விரித்துக் காட்டி, காலையில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். பெஞ்சை விட்டு எழுந்துவந்து கையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எங்கம்மா புண்ணை ஊதாத் தண்ணியில கழுவிட்டுக் கையில எலுமிச்சம்பழம் தேய்ப்பாக, கறை போயிரும்" என்றாள். மறுநாள் அவளே ஒரு பழம் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் என் கையில் தேய்த்தாள். பழுப்பு மெல்ல மெல்ல மறைந்தது.

"இப்ப எத்தனை டீச்சர்?" என்று மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"ரெண்டு" என்றேன். "ரெண்டுன்னா நெறமே தெரியாது."

குழாயடியும் பஸ்ஸும் அதற்குப் பிறகும் மாறவில்லை. வேதியியலுக்கு ஆள் வர அடுத்த வருடம் ஆனது. அதுவரை களைப்போடுதான் பாடம் நடத்தினேன். ஆனால் மகளுக்காகச் சுமந்த தண்ணீரை முன்பின் தெரியாதவர்களுக்காகக் கவிழ்த்துவிட்டு, வெயிலில் திரும்பி நடந்த அலுப்பிலும் ஒரு பொடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்க அந்த அம்மாவுக்கு மனம் இருந்ததே, அதை நினைக்கும்போது, எனக்கு முடியவில்லை என்று சொல்லி யாருடைய கேள்வியையும் தள்ளிவிட இன்றுவரை எனக்கு வாய் வந்ததில்லை.