நர்ஸம்மா சொன்ன எட்டு

அண்ணனுக்குச் சென்னையில் ஒரு பாலிடெக்னிக்கில் பிரின்டிங் டெக்னாலஜி படிக்க இடம் கிடைத்தது. வந்த கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. நிறங்களைப் பிரித்தறியும் பார்வை இருக்கிறதென்று அரசு டாக்டரிடம் சான்று வாங்கி வர வேண்டும். அதைப் படித்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். பெருமுக்கலில் எங்கள் மிளகாய்க் கொல்லையில் நாங்கள் இருவரும் ஒரே கூடையில்தான் பழம் பறிப்போம். கொட்டினால் பழத்தோடு பச்சைக்காயும் கிடக்கும். "கண்ண எங்கடா வெச்சிக்கினு பறிச்ச?" என்று அம்மா அவனைத்தான் திட்டுவாள். சின்னவனான என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பழைய காலண்டர் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். "எல்லாம் புள்ளிதான்டா. நாலே மை. அத்த வெச்சிக்கினு இன்னா வேணாலும் அடிச்சிடலாம்" என்பான். வேறு எந்தப் படிப்புக்கும் அவன் மனுப் போடவில்லை.

டாக்டர் புள்ளிப் புத்தகம் ஒன்றைக் காட்டுவார், பக்கத்துக்கு ஓர் எண் இருக்கும் என்று திண்டிவனத்துச் சிநேகிதன் ஒருவனிடம் விசாரித்து வைத்திருந்தான். நான் அவன் பின்னால் நின்று, எண் எத்தனையோ அத்தனை முறை முதுகில் விரலால் அழுத்த வேண்டும். நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் கேட்டாலே வாய் திறக்காதவன். விரலால் சொல்வது எனக்கு வசதியாக இருந்தது.

விழுப்புரம் பஸ்ஸில் என்னைச் சோதித்தபடி வந்தான்.

"அந்தம்மா பொடவ இன்னா கலரு?"

"பச்ச."

"நல்லா தெரியுதா?"

"தெரியுது."

நான் சொல்வது சரியா என்று அவனால் பார்க்க முடியாது என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் விரித்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பன்னிரண்டு என்று அவனே படித்துவிட்டான். இரண்டாவதில் மூன்று இருந்தது. மூன்று முறை அழுத்தினேன். "மூணு சார்" என்றான். குரலில் சந்தோஷம். அவனுக்கும் மூன்றுதான் தெரிந்திருக்கிறது. அடுத்ததில் இரண்டு. அதையும் உரக்கச் சொன்னான். நான்காவது பக்கத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, வெறும் புள்ளிக் கூட்டம். விரல் அப்படியே நின்றது. அண்ணன் காத்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்துகொண்டே வந்தது.

டாக்டர் நிமிர்ந்தார். "பின்னாடி இன்னா பண்ற? முன்னாடி வா."

இரண்டாம் பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். "இது எவ்ளோ?"

"மூணு."

அவர் கோபப்படவில்லை. தட்டோடு போய்க்கொண்டிருந்த நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்தம்மா நிற்காமலே "எட்டு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ரெண்டு பேரும் ஒரே அம்மாவா?"

அண்ணன் தலையாட்டினான்.

"தம்பி, நீ கொஞ்சம் வெளிய இரு."

வெகுநேரம் கழித்து, மடித்த காகிதத்தோடு வந்தான். என்னைத் திட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தான். திண்டிவனம் நெருங்கும்போது நானாகச் சொன்னேன்: "அண்ணா, அந்த நர்ஸம்மாவுக்குத்தான் கண்ணு சரியில்ல."

"ஆமாண்டா" என்றான். "அவங்களுக்குத்தான்."

அதற்குப் பிறகு அவன் என்னிடம் நிறம் எதையும் கேட்டதில்லை. சென்னைக்கும் போகவில்லை. போன வருடம் வண்டி லைசென்ஸுக்காகப் போன இடத்தில் ஒரு டாக்டர் அதே மாதிரிப் புத்தகத்தை என் முன் விரித்தார். நான் மூன்று என்றேன்.

ஆனால் விழுப்புரம் போய்வந்த அந்த வாரம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அண்ணன் வீட்டில் படுத்துக் கிடந்தான். நான் மட்டும் மிளகாய்ப் பழம் பறித்து வந்தேன். கூலி வேலைக்குப் போயிருந்த அம்மா சாயங்காலம் வந்து கூடையைக் கொட்டினாள். பழத்தோடு பச்சைக்காயும் கிடந்தது. அவள் என் பக்கம் திரும்புவதற்குள் அண்ணன் எழுந்து வந்தான்.

"நான்தாம்மா. நடுவுல போயி கொஞ்சம் பறிச்சிப் போட்டேன்."

நான் பார்க்காத நேரத்தில் வந்து என் கூடையைக் கெடுத்துவிட்டான் என்றே நம்பினேன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.