வீடியோவில் வருகிற சிவத்த பெண்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் புடவையை என் தோளில் போட்டுக்காட்டி விற்பவன் நான். போன வருடம் கடை வீடியோவுக்கென்று பக்கத்துக் கூரம் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். என்னைவிடக் கறுப்பு. போன் அவளைச் சிவப்பாக்கிவிடும். எடுத்த வீடியோவில் தன் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளைக் கேட்டே கூட்டம் வந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் ஒரு அம்மா அவளிடமே கேட்டார்.

"வீடியோல செவப்பா ஒரு பொண்ணு வருமே, எங்கமா அது?"

"இன்னிக்கி லீவுமா" என்று சிரித்தாள்.

அந்த அம்மா இரண்டு புடவை எடுத்துக்கொண்டு போனதும் கேட்டேன்.

"நான்தான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா பொடவையும் பொய்யின்னு போய்டுவாங்கண்ணே."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. இருபது வருடமாக இங்கே நிற்கிறேன். நான் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.