நடவுப் பாட்டு இருந்த கேசட்

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை, பழைய டிவி நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரே பேச்சு.

"எல்லாத்தையும் கேசட்டுல பதிஞ்சு வச்சிருக்கேன்" என்று வழக்கம்போல் பீற்றிக்கொண்டேன்.

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு பெண்மணி உடனே குரல் பதிவு அனுப்பினார்.

"அண்ணே, நடவுப் பாட்டுல முன்னாடி நின்னு பாடுனது எங்க அம்மா. டிவியில போட்ட அன்னிக்கு அவங்க நடவுக்குப் போயிட்டாங்க, பாக்கவே இல்ல. இப்ப அவங்களும் இல்ல. அந்தக் குரல ஒரு தடவ கேக்கணும். அனுப்புறீங்களா?"

பரணிலிருந்து கேசட்டை இறக்கினேன். மேலே ஒட்டிய சீட்டில் 'நடவுப் பாட்டு' என்பதை நானே அடித்துவிட்டு, 'கிரிக்கெட் ஃபைனல்' என்று எழுதியிருக்கிறேன்.

அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. உங்களில் யாரிடமாவது அந்தப் பாட்டு இருந்தால் சொல்லுங்கள்.

அந்த மேட்சிலும் நாம் தோற்றுத்தான் போனோம்.