கால்வாய்க் கரையில் அக்கா பார்த்தது

பல வருஷம் கழித்து எங்கள் ஊர்ப்பக்கம் திரும்பி வந்த சிறுத்தையை முதலில் பார்த்தது என் அக்கா. பெரியப்பா மகள். ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. தொண்ணூறுகளின் நடுவில், கார் நெல் அறுவடை முடிந்து வயல்கள் காலியாகக் கிடந்த சமயம் அது. நான் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்துவிட்டு, தினமும் காலை பஸ்ஸில் அம்பாசமுத்திரம் போய் ஒரு கட்டட இன்ஜினீயரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். அக்காவுக்குத் தச்சநல்லூரில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயம் முடித்து, தை மாதம் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

மலையடிவாரத்து ஊர். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. பெண்களுக்கு மேற்கே கால்வாயைத் தாண்டி உடைமுள் மண்டிய உடங்காடு, ஆண்களுக்குத் தெற்கே குளத்தங்கரை. பெண்கள் விடிவதற்கு முன்பே போய் வந்துவிட வேண்டும். அதற்குச் சில முறைகள் இருந்தன. தனியாகப் போகக் கூடாது. போகும்போது சத்தம் போட்டுப் பேசக் கூடாது. எவனாவது எதிர்ப்பட்டால் அவன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். திரும்பி வந்த பிறகு அந்த இடத்தைப் பற்றி ஆண்கள் காதுபட வாய் திறக்கக் கூடாது. மற்ற முறைகளை மீறினால் திட்டு விழும், அவ்வளவுதான். கடைசி முறையை மட்டும் யாரும் மீறிப் பார்த்ததில்லை. ஊரில் எல்லா ஆண்களுக்கும் உடங்காடு எதற்கு என்று தெரியும். தெரிந்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அன்றைக்கு அக்கா உரக்கடை அண்ணாச்சியின் மனைவியோடு போயிருந்தாள். நான் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டதால் எனக்காக அவர்கள் நிற்கவில்லை. நான் வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா தெருவில் ஓடி வந்தாள். சேலை முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது, ஒரு காலில் மட்டும் செருப்பு. எதிர்வீட்டுக்காரரும் பால் கறக்க வந்தவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பார்த்தது இவ்வளவுதான்: கல்யாணம் நிச்சயமான பெண், கிழிந்த சேலை, மேற்கேயிருந்து ஓட்டம்.

உள்ளே வந்து தண்ணீர் குடித்த பிறகு அக்கா சொன்னாள். திரும்பும்போது அண்ணாச்சியின் மனைவி முன்னால் நடந்துவிட்டாள். இவள் கால்வாயில் இறங்கிக் கால் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது மடைக்கல்லின் மேல் ஒரு கன்றுக்குட்டி குனிந்து தண்ணீர் குடிப்பது போல் தெரிந்தது. அது தலையைத் தூக்கியது. உடம்பு முழுக்கப் புள்ளி. அது இவளைப் பார்த்தது, இவள் அதைப் பார்த்தாள். பிறகு அது எந்த அவசரமும் இல்லாமல் திரும்பி வாழைத்தோட்டத்துக்குள் போனது. இவள் முள்ளுக்குள் விழுந்து எழுந்து ஓடி வந்திருக்கிறாள்.

வெளிச்சம் வந்ததும் நானும் அவளும் போய்ப் பார்த்தோம். மடைக்குப் பக்கத்து வண்டலில் ஒரே ஒரு தடம் சுத்தமாகப் பதிந்திருந்தது. பையில் இருந்த ஸ்கேலை வைத்து அளந்தேன். என் உள்ளங்கையை விடச் சற்றுச் சிறியது. நான்கு விரல், அகலமான அடிப்பாதம், நகம் பதியவில்லை. நாய்க்கு நகம் பதியும். நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் பிராணி எது என்பது வீட்டில் பூனை வளர்க்கிற யாருக்கும் தெரியும். பக்கத்தில் கொத்தனார் விட்டுப்போன சாந்துச் சட்டி ஒன்று கிடந்தது. அதை எடுத்துத் தடத்தின் மேல் கவிழ்த்து வைத்தேன்.

தவறு பெரியப்பாவின் வாயிலிருந்து தொடங்கியது. அவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். டீக்கடையில் நான்கு பேர் சேர்ந்து மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டபோது, பிள்ளையார் கோயிலுக்கு விளக்குப் போடப் போனவள் சிறுத்தையைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டார். பிள்ளையார் கோயில் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. அது அவருக்கும் தெரியும். தன் மகளையும் உடங்காட்டையும் ஒரே பேச்சில் சேர்த்துச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அந்தக் கடையில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அதைப் பொய் என்று பிடித்துக்கொண்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் தடத்தைப் பார்க்க வந்தார்கள். முன்னால் உரக்கடை அண்ணாச்சி. ஊரில் பாதிப் பேர் உரத்துக்கும் மருந்துக்கும் அவர் கடையில்தான் நிற்க வேண்டும் என்பதால் அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். கால்வாயை ஒட்டிய வாழைத்தோட்டம் அவருடையது. அதற்குள் காட்டுப்பன்றிக்காகக் கிளட்ச் வயரில் கண்ணி கட்டி வைத்திருந்தார். அது சட்டத்துக்கு விரோதம். பாரஸ்ட்காரர்கள் அந்தப் பக்கம் வந்து நடமாடுவதில் அவருக்கு விருப்பமில்லை.

அவர் சட்டியைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, தன் வலது காலைத் தடத்தின் மேல் வைத்து நன்றாக அழுத்தி எடுத்தார்.

“பாத்தியளா வே? ஆள் தடம்லா இது.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு எதற்கு என்பது அங்கிருந்த யாருக்கும் விளங்காமல் இல்லை. நகம் பதியாததை நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பைய என் பக்கம் திரும்பினார்.

“இன்ஜினீயரம்மா, நீ போயி சுவத்துக்கு மட்டம் புடி. புலிய நாங்க பாத்துக்கிடுதோம்.” எங்கள் ஊர்ப் பேச்சில் சிறுத்தையும் புலிதான்.

பெரியப்பா அங்கேதான் நின்றார். வண்டலில் இப்போது ஐந்து விரலும் குதிகாலும் தெளிவாக இருந்தன.

சைக்கிளில் வனக்காவலர் ஒருவர் வந்தார். அக்காவிடம் எங்கே நின்று பார்த்தாய் என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா கோயில் என்றார். காவலர் கிழக்கே ஒரு முறையும் மேற்கே ஒரு முறையும் பார்த்துவிட்டு, கூடப் போனது யார் என்று கேட்டார். அண்ணாச்சியின் மனைவியைக் கூப்பிட்டார்கள். தான் முன்னால் வந்துவிட்டதாகவும், இருட்டில் எதையும் பார்க்கவில்லை என்றும், பின்னால் யார் வந்தார்கள் என்பதே தனக்குத் தெரியாது என்றும் அவள் கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காவலர் உரக்கடையில் கலர் சோடா குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு குழாயடிக்குப் போனாலே அக்காவுக்குக் கேள்விகள் காத்திருந்தன. புலிக்கு மீசை இருந்ததா, முறுக்கிவிட்டிருந்ததா? சேலையைக் கிழித்தது முள்ளா, நகமா? புலி பீடி குடிக்குமா? கேட்டவர்கள் எல்லோரும் தினம் அதே உடங்காட்டுக்குப் போகிறவர்கள். அவர்களும் பயந்திருந்தார்கள். எட்டுப் பத்துப் பேராகச் சேர்ந்து, கையில் கம்போடு போனார்கள். புலி இருக்கிறது என்று கம்பு எடுத்துக்கொண்டு போய்விட்டு, புலி இல்லை என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நானும் அவளும் தனியாகப் போனோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். கூடவே, சம்பந்தம் பேசி முடித்த மாப்பிள்ளையின் தாய்மாமா. அவருக்கு எங்கள் ஊரிலேயே வயல் உண்டு, செய்தி அவர் வழியாகத்தான் போயிருக்கிறது. பெரியம்மா கேசரி கிண்டியிருந்தாள். அந்த அம்மாள் தட்டைத் தொடவில்லை. மகள் கோயிலுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன், எந்தக் கோயில் என்று விசாரித்தாள். எந்தப் பக்கம் என்றாள். பெரியப்பா பதில் சொல்லச் சொல்ல அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. கடைசியில் பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கணவரைக் காட்டிச் சொன்னாள்.

“வெளிக்குப் போனா மைனி. கோயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. இவ்வோ வெக்கப்பட்டுச் சொல்லிட்டாவ.”

“அப்படியா மைனி?” என்றாள் அந்த அம்மாள். குரல் உயரவே இல்லை. “எங்க வீட்டுல கக்கூஸ் இருக்கு. அதனால இந்த விவரமெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பொண்ணுக்கு அப்பாவே எடத்த மாத்திச் சொன்னா நாங்க எத நம்ப?”

பையனிடம் கேட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துகொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது அக்காவைப் பார்த்து, உண்மையிலேயே சிறுத்தை என்றால் அது வேறு யார் கண்ணிலாவது பட்டிருக்குமே என்றாள். பட்டால் சொல்லி அனுப்பும்படி பெரியப்பாவிடமும் சொன்னாள்.

பெரியப்பா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் செய்த வேலை எல்லாம் அதற்காகக் காத்திருந்ததுதான்.

முதலில் தெருநாய்கள் குறைந்தன. பிறகு ஒரு வெள்ளாடு. அதன்பின் மேலத்தெருவில் கட்டிப் போட்டிருந்த கன்றுக்குட்டி, கயிறு மட்டும் மிச்சம். உடனே ஊரில் ஆண்களுக்குக் கண் திறந்துகொண்டது. ஒருவர் கடைசி பஸ்ஸிலிருந்து பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர் பார்த்தது அதைவிடப் பெரியது, வாலே ஒரு ஆள் நீளம். தன்னைக் கண்டதும் அது பதுங்கிவிட்டது என்றார் ஒருவர். முன்னால் தடம் பார்க்க வந்து சிரித்தவர்களில் மூன்று பேர், அன்றைக்கே தங்களுக்குச் சந்தேகம் இருந்தது என்றார்கள். யாரும் அக்காவின் பேரை எடுக்கவில்லை. இது வேறு சிறுத்தை போலவும், அவள் பார்த்தது வேறு ஏதோ போலவும் பேச்சு போனது. தாய்மாமாவிடம் போய்ப் பெரியப்பா சொன்னார். இப்போது வந்தது சரி, அன்றைக்கு வந்தது இதுதான் என்று யார் சொல்வது என்று அவர் கேட்டாராம்.

கார்த்திகையில் ஒரு காலை அது அண்ணாச்சியின் பன்றிக் கண்ணியில் விழுந்தது.

இடுப்பில் வயர் இறுகியிருந்தது. இரண்டு வாழையைச் சாய்த்திருந்தது, வட்டமாக மண்ணைக் கீறி வைத்திருந்தது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உடம்பு. பெண் என்று யாரோ சொன்னார்கள். அம்பாசமுத்திரத்துக்குப் போன் பண்ணியாகிவிட்டது, வலையோடு வண்டி வரும் என்றார்கள். வண்டி வருவதற்குள் ஊரே வந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்தார்கள். ஐஸ்காரர் வந்தார். கல் எறிந்தார்கள். படும்போதெல்லாம் கைதட்டினார்கள். மூங்கில் கழியின் முனையில் துணி சுற்றி வாயில் குத்தினார்கள். அது கழியைக் கடிக்கும், இவர்கள் இழுப்பார்கள், வயர் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பின்னங்கால்கள் அசைவதை நிறுத்தியிருந்தன. முதுகெலும்பு போய்விட்டது என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லியும் பார்த்தேன். ஒருவர் கழியை என்னிடம் நீட்டி, நீயும் ஒரு குத்து குத்து என்றார்.

உரக்கடை அண்ணாச்சிதான் அன்றைக்கு எல்லாம். தோட்டம் அவருடையது, கண்ணியும் அவருடையது. ஆனால் கண்ணியைப் பற்றி யாரும் பேசவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமாவும் வந்திருந்தார். அவரைக் கண்டதும் பெரியப்பா வீட்டுக்கு ஓடி அக்காவைக் கையோடு கூட்டி வந்தார். கூட்டம் வழி விட்டது. அண்ணாச்சிக்கும் அன்றைக்குத் தாராள மனசு.

“வா தாயி. நல்லாப் பாரு. நீ அன்னைக்குப் பாத்தது இதுதான?”

பெரியப்பா அவள் காதில், ஆமா என்று சொல்லிவிடு என்றார். கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் அது கேட்டது. தாய்மாமா ஒரு அடி முன்னால் வந்தார். அவள் தலையை ஆட்டினால் போதும், மாலை பஸ்ஸில் செய்தி தச்சநல்லூருக்குப் போய்விடும்.

அக்கா சிறுத்தையை நன்றாகப் பார்த்தாள். அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“இல்ல.”

“என்ன தாயி இல்லங்குத? புலி தெரியலயா?”

“புலி தெரியுது அண்ணாச்சி. நான் அன்னைக்குப் பாத்தது புலி இல்ல. ஆளு. நீங்கதான கால வச்சுக் காட்டுனிய?”

யாரோ ஒருவர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டார். எந்த ஆள் என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். அக்கா திரும்பி அங்கே நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர், பால் கறப்பவர், தடம் பார்க்க வந்தவர்கள், கழி வைத்திருந்தவர். அண்ணாச்சியின் முகத்தில் மட்டும் அவள் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றது.

“இருட்டுல சரியாத் தெரியல. யோசிச்சுத்தான் சொல்லணும்.”

பெரியப்பா அவளை அறைந்தார். அவள் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. நான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்களுக்குப் பின்னால் தாய்மாமா மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. வழியில் நான் கேட்டேன், உண்மையில் இதுதானா என்று.

“இதேதான்,” என்றாள். “அவனுவகிட்ட எதுக்குச் சொல்லணும்?”

வண்டி வந்தபோது சிறுத்தை செத்துவிட்டிருந்தது. கண்ணி வைத்தது யார் என்று கேட்டார்கள். பத்து ஊர் ஜனம் நின்ற இடத்தில் யாருக்கும் தெரியவில்லை.

கல்யாணம் நின்றது. நிச்சயச் சேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியப்பா மகளோடு பேசுவதை விட்டுவிட்டார். ஊரிலும் பேச்சு குறைந்தது. அக்கா ஓடி வந்த அன்று விடியற்காலை யார் யார் எங்கே இருந்தார்கள் என்பது வீட்டுக்கு வீடு கேள்வியாயிற்று என்று அம்மா சொன்னாள். தண்ணீர் பாய்ச்சப் போனேன் என்ற ஒருவரிடம், அந்த வாரம் கால்வாயில் முறை நமக்கு இல்லையே என்று மனைவி கேட்டாளாம். குழாயடியில் அக்காவுக்கு இடம் விட்டார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து, மத்தியானத்தில், அண்ணாச்சியின் மனைவி புறவாசல் வழியாக வந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் பிளான் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். வந்தவள் தானும் ஒரு பிடி கீரையை எடுத்து ஆய்ந்தாள். காம்பும் சேர்ந்து விழுந்தது.

“எங்க வீட்டு ஆளு இல்லன்னு மட்டும் சொல்லிரு ஏட்டி. ஊருக்குச் சொல்லாண்டாம். எனக்கு மட்டும் சொன்னாப் போதும்.”

அக்கா அவள் ஆய்ந்த கீரையிலிருந்து காம்புகளைப் பொறுக்கித் தனியாக வைத்தாள். பிறகு உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்து கையில் கொடுத்தாள். அவள் பாதி குடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

“நானும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன் மைனி,” என்றாள்.