கவுணர் கல்லில் நாலு விரல்

2023 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 5.50. வடகிழக்குக் காற்று. மூன்றாவது நாளாக விடாத மழை. பெரியகல்லாற்றில் எங்கள் வளவின் பின்புறம், வாவிக் கரையில் நிற்கும் கல்லின் முன்னால், குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குந்தியிருந்தேன். கல்லில் ஒரு கோடு உண்டு. தண்ணீருக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே விரல்களை வைத்துப் பார்த்தேன். நாலு விரல். நம்பிக்கையில்லாமல் மற்றக் கையாலும் வைத்தேன். நாலுதான்.

அந்தக் கல்லுக்குக் கவுணர் கல் என்று பெயர். இடுப்பளவு உயரம், சதுரக் கருங்கல், மேலே ஒரு அம்புக்குறி, அதற்குக் கீழே தேய்ந்துபோன இரண்டு எழுத்துகள். நான் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாமனார் என்னைக் கரைக்குக் கூட்டிப்போய் அதைக் காட்டினார். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு கவுணர், அதாவது ஆளுநர், வாவி வழியே வள்ளத்தில் வந்தாராம். வேளாண்மைக்காரர்கள் கரையில் நின்று பெட்டிசம் நீட்டினார்களாம். அவர் அதை வாசித்துவிட்டு ஒரு கல்லை நடச் சொல்லி, கோடு ஒன்று வெட்டச் சொல்லி, தண்ணீர் இந்தக் கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்காமல் ஆற்றுவாயை வெட்டுங்கள் என்றாராம்.

ஆற்றுவாய் என்பது வாவி கடலோடு சேரும் இடம். ஆண்டின் பெரும்பகுதி மணல் அதை மூடிக்கிடக்கும். மாரியில் வாவி நிறைந்தால் மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விட வேண்டும். பிந்தி வெட்டினால் உள்ளே வயல்கள் தாழும். முந்தி வெட்டினால் கடல் உள்ளே வந்து உப்பேறும். எந்த நாளில் வெட்டுவது என்பதுதான் எங்கள் பகுதியின் ஓயாத சண்டை. நான் தபாலகத்தில் வேலையாயிருந்த காலத்தில் ஒரு முறை அதிகாரிகள் அவசரப்பட்டு வெட்டியதில் உப்பேறி, என் வயல் இரண்டு போகம் பதராகக் கிடந்தது. அதிலிருந்து முந்தி வெட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை.

என் வயல் வெல்லாவெளிப் பக்கம். நாலு ஏக்கர். அந்த வயல் வட்டையிலேயே ஆகப் பள்ளமான நிலம். வெள்ளமும் உப்பும் முதலில் தேடி வருவது அதைத்தான். அதற்குப் பக்கத்தில் என் முல்லைக்காரரின் சொந்த நிலம் இரண்டு ஏக்கர். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வயலையும் அவர்தான் செய்கிறார். அன்று பயிருக்கு வயது நாற்பத்தேழு நாள்.

ஆளுநர்கள் மீது எனக்கு மரியாதை இருந்ததில்லை. பள்ளியில் அவர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். விட்டுப்போன பெயருக்கு ஒரு அடி. ஒரு நாள் ஏழு பெயர் விட்டேன். அவர்கள் உழுதவனின் நெல்லுக்கு வரி கேட்டார்கள். காணி உறுதிப் பத்திரம் காட்ட ஆளில்லாத காட்டையும் மேய்ச்சல் தரையையும் முடிக்குரிய காணி என்று எழுதிக்கொண்டார்கள். இன்றும் ஒரு துண்டுக் காணிக்கு உரிமை கேட்டு அரசாங்கக் கந்தோருக்குப் போனால் கதை அங்கிருந்துதான் தொடங்கும். இவ்வளவும் தெரிந்தும் அவர்கள் கோடு போட்டால் சரியாகப் போட்டிருப்பார்கள் என்று நம்பினேன். எடுத்துக்கொண்டு போகிறவன் கவனமாக அளப்பான் என்பது என் கணக்கு.

2004இல் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒவ்வொரு மாரியிலும் அந்தக் கல்லை அளந்து எழுதி வந்தேன். பத்தொன்பது மாரி, பதினொரு கொப்பி. அதில் மூன்று மாரி வெட்டவே தேவைப்படவில்லை. இரண்டு மாரி மழை எல்லாரையும் முந்திக்கொண்டது. மிச்சம் பதினாலு மாரியிலும் கோட்டுக்கு நாலு விரல், ஐந்து விரல் இருக்கும்போதே வெட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு மையால் ‘களவு’ என்று எழுதி, யாரைச் சந்தேகிக்கிறேன் என்பதையும் குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பதினாலு போகமும் எனக்கு நன்றாகத்தான் விளைந்தது. அதைக் கர்த்தரின் கிருபை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்தியது. கோடு கல்லின் மூன்று பக்கங்களில்தான் இருந்தது. தண்ணீரைப் பார்த்த பக்கத்தில் இல்லை. தண்ணீரை அளக்கும் கோட்டைக் கரைப் பக்கத்தில் ஏன் வெட்ட வேண்டும்? ஆளுநரின் ஆட்கள் சப்பாத்து நனையாமல் கரையில் நின்று பார்க்க விரும்பியிருப்பார்கள் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அன்று காலை மனைவியின் தம்பி தோணிக்குள் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். வாவியில் தொழில் செய்பவன், மீன்பிடிச் சங்கத்துக்குத் தலைவர்.

“என்ன அத்தான், இண்டைக்கும் கல்லுக்குப் பல்லுத் தீட்டுறீங்களோ?”

“நாலு விரல் இரிக்கி,” என்றேன்.

“பாலத்துப் பலகையில நேத்துப் பின்னேரமே சிவப்பு முட்டிட்டு. நாளைக்குக் காலம மண் வெட்டுற பெக்கோ வருது. வெட்டப் போறாங்க.”

பாலத்தடியில் அதற்கு முந்திய ஆண்டுதான் இலக்கம் எழுதி, வெட்ட வேண்டிய மட்டத்தில் சிவப்புக் கோடு போட்ட இரும்புப் பலகை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதைப் பொருத்தும்போது நானும் நின்று பார்த்தேன். நாலு ஆணிக்கு மூன்றுதான் அடித்தார்கள்.

“உங்கட சங்கம் என்ன சொல்லுது?”

“வெட்டட்டாம்.”

ஆற்றுவாய் வெட்டினால் வாவி இறால் கடலுக்குப் போய்விடும் என்று வருடா வருடம் சண்டை பிடிக்கிற சங்கம் அது.

“எப்ப இருந்து உங்களுக்கு எங்கட வயலில இவ்வளவு இரக்கம்?”

“வயலுக்கு ஆரு அழுதா? கீழ்த்தெருவில ஆறு வீட்டுக்குள்ள தண்ணி. இறாலப் பாக்கிறதா, புள்ளையளப் பாக்கிறதா?”

“கோட்டத் தொடல்லயே இன்னும்.”

“அது தோணி கட்டுற கல்லு அத்தான். அத விட்டிட்டு உள்ள போங்க, சளி புடிக்கும்.”

அவன் தோணி அந்தக் கல்லில்தான் கட்டியிருந்தது. தோணி கட்டுகிறவனுக்கு அது தோணி கட்டுகிற கல்லாக இருப்பதுதான் வசதி என்று நினைத்தேன். பெக்கோக்காரர் அந்தக் கிழமை இரண்டு முறை அவன் வீட்டுக்கு வந்ததை யன்னலால் கண்டிருந்தேன். இரண்டு முறையும் வெறுங்கையோடு வந்து ஒரு பையோடு போனார். முந்தி வெட்டினால் மணல் திரும்ப மூடும், பெக்கோவுக்கு ஒரு நாள் வேலை கூட. இது எனக்குப் போதுமாயிருந்தது.

எட்டு மணிக்குப் பெட்டிசம் எழுத உட்கார்ந்தேன். ‘கீழே கையொப்பமிடும் நாங்கள் தங்கள் மேலான கவனத்துக்குத் தாழ்மையுடன் அறியத்தருவது’ என்று தொடங்கி இரண்டு பக்கம். ஆளுநர் வெட்டுவித்த கோட்டைத் தண்ணீர் தொடும்வரை ஆற்றுவாயை வெட்டக் கூடாது, புதிய பலகை பொய் சொல்கிறது, முந்தி வெட்டினால் உப்பேறும். இதுதான் சாரம். ஏழு பிரதிகள். கடைசிப் பிரதி மாகாண ஆளுநருக்கு. ஆளுநரின் கல்லைப் பற்றி ஆளுநருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

“பெக்கோக்காரர் நண்டு வாங்க வந்தவர்,” என்றாள் மனைவி, தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு. “மகளுக்குக் கலியாணமாம். கொண்டு போனது நண்டு.”

“இரண்டு தரமுமா?”

“நண்டுக்கும் பெட்டிசம் எழுதுங்க.”

பின்னேரத்துக்குள் ஓட்டோ பிடித்துப் போய் முப்பத்தாறு கையெழுத்துச் சேர்த்தேன். எல்லாரும் அந்த வட்டையில் வயல் உள்ளவர்கள். பெரும்பாலானவர்களின் நிலம் மேட்டில். உப்பு என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. முல்லைக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெல்லாவெளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மழைக்குள்ளே வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். கால்சட்டை முழங்கால்வரை சேறு.

“வரம்பு மறைஞ்சிட்டு ஐயா. பயிர்ர தலை மட்டும்தான் தெரியிது.”

“கோட்டத் தொடல்ல,” என்றேன். “இப்ப வெட்டினா உப்பு வரும். போன முறை வந்தத மறந்திட்டீங்களா?”

“மறக்கல்ல. ஆனா வட்டைக்குள்ள தண்ணி நிக்கிற நிலை…”

“பத்தொன்பது வருசமாப் பாத்து எழுதிறன்.”

அவர் கொப்பிகளைப் பார்த்தார். மேசையில் பதினொன்றையும் அடுக்கி வைத்திருந்தேன். “ஐயா எழுதி வெச்சிரிக்கிற ஆள். நான் என்னத்தக் கண்டன். பேனையத் தாங்க.”

முப்பத்தேழாவதாக ஒப்பமிட்டார். தலையிலிருந்து ஒரு துளி விழுந்து மை பரவிவிட்டது. அதைச் சாட்டாக வைத்துப் பெட்டிசத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து, கீழே இன்னொரு முறை ஒப்பமிடச் சொன்னேன். இட்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆற்றுவாயடியில் ஐம்பது, அறுபது பேர். நான் எண்ணியபோது ஐம்பத்தெட்டு. பெக்கோ மணலில் தயாராக நின்றது. பொறியியலாளர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். குடையின் கீழ் நின்று பெட்டிசத்தை முழுவதும் வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். பாதியை விட்டு வாசிக்கிறாரோ என்று.

“ஐயா, வெட்டச் சொல்லி வேளாண்மைக்காரர் எழுதுவாங்க. வெட்ட வேணாமெண்டு வேளாண்மைக்காரரே முப்பத்தேழு பேர் எழுதினத நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

“கோட்டப் பாத்திட்டு வெட்டுங்க,” என்றேன்.

“உப்பு வருமெண்டு நீங்களே எழுதித் தந்தா நான் எப்பிடி வெட்டச் சொல்லுவன்? அந்தக் கல்லை மட்டம் பாத்திட்டுத்தான் முடிவு.”

ஆனால் மட்டம் பார்க்கும் கருவியின் கண்ணாடியில் மழை அடித்து ஒன்றும் தெரியவில்லை. அன்று முடியவில்லை, அடுத்த நாளும் முடியவில்லை. பெக்கோ மணலில் சும்மா நின்றது. நான் வென்றுவிட்டேன் என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கோட்டுக்குப் பதின்மூன்றாம் திகதி மூன்று விரல். பதினாலாம் திகதி இரண்டு. முல்லைக்காரர் இரண்டு நாளும் தொலைபேசி எடுத்தார். முதல் நாள், பயிரின் தலையும் தெரியவில்லை என்றார். இரண்டாம் நாள், “சரி ஐயா,” என்று மட்டும் சொன்னார்.

பதினைந்தாம் திகதி காலை ஏழு மணிக்கு மழை கொஞ்சம் விட்டது. பொறியியலாளர் எங்கள் வளவுக்கே வந்து, கருவியை நட்டு, பாலத்திலிருந்து கணக்கைக் கொண்டுவந்து சேர்த்தார்.

“உங்கட கோடு எங்கட சிவப்புக்கு மேல நாலரை அங்குலம் நிக்கிது,” என்றார். பிறகு கல்லைச் சுற்றி வந்து குனிந்தார். “இதுக்குக் கீழ சீமெந்து இரிக்கே. வெள்ளைக்காரன் காலத்துச் சீமெந்து மாதிரித் தெரியல்ல. ஆரு வெச்சது?”

மைத்துனன் தோணிக்குள் இருந்தபடியே சொன்னான்: “எங்கட அப்பா. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குப் புறகு. தெருவோரம் சாஞ்சு கிடந்த கல்லு அது, காணி அளந்த காலத்துக் கல்லு. நாங்க அஞ்சு பேர் உருட்டிக்கொண்டு வந்து நட்டம், தோணி கட்ட.”

“அப்ப கோடு?” என்றேன்.

அவன் வீட்டுக்குப் போய்த் துருப்பிடித்த சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்தான். மாமனாரின் தோணிச் சங்கிலி. அதைக் கல்லைச் சுற்றிப் போட்டுத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தான். கரைப் பக்கமும் இரண்டு ஓரமும் அது கோட்டுக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது. தண்ணீர்ப் பக்கம் கல்லில் படவேயில்லை.

சூறாவளி வந்தது என் கலியாணத்துக்கு ஏழு ஆண்டு பிந்தி. மாமனார் அந்தக் கதையைச் சொன்னது தெருவோரத்தில் வேறொரு கல்லைக் காட்டியா, இதே கல்லைக் காட்டியா, கரையில் நின்றா, வழியில் நின்றா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. அதை மட்டும் நான் எழுதி வைத்திருக்கவில்லை.

“ஏன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?” என்று கேட்டேன்.

“அப்பா உங்களப் பகிடி பண்ணத்தான் கவுணர் கதை சொன்னவர். நீங்க கொப்பி வாங்கிட்டீங்க. மறுகா ஆருக்குத் துணிவு வரும்? அப்பிடியும் செவ்வாக்கிழம சொன்னன்தானே அத்தான், தோணி கட்டுற கல்லெண்டு.”

சொன்னான்தான். கொப்பியில் இருக்கிறது. ‘5.55, திசைதிருப்பப் பார்க்கிறான்’ என்று எழுதியிருக்கிறேன்.

பத்து மணிக்கு ஆற்றுவாயை வெட்டினார்கள். நான் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து பதினாலு சிவப்பு எழுத்துகளையும் திரும்பப் பார்த்தேன். வெவ்வேறு அதிகாரிகள், வெவ்வேறு ஆண்டுகள். எல்லாரும் நாலு விரல், ஐந்து விரல் என்ற அதே அளவில்தான் வெட்டியிருந்தார்கள். ஒருவர்கூட உப்பு வரவிடவில்லை. எங்கள் ஆட்கள் பதினாலு பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், பெயர் பெயராக. கல்லைச் சந்தேகப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை.

பதினெட்டாம் திகதி தண்ணீர் வடிந்தது. வயலுக்குப் போனேன். பயிர் மஞ்சளாகி, சேற்றோடு சேர்ந்து படுத்து, அழுகல் மணத்தது. மேட்டு வயல்கள் பச்சையாகத்தான் இருந்தன. முல்லைக்காரர் தன் இரண்டு ஏக்கருக்குள் நின்று ஒரு பிடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் கையோடு வந்தது.

“பதின்மூண்டில வெட்டியிருந்தா?” என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

“தப்பியிருக்கும் ஐயா.” “நானும்தானே வெச்சன் கையெழுத்து. இரண்டு தரம்,” என்றார். சிரிக்க முயன்றார்.

அவருடைய இரண்டு ஏக்கர் நட்டத்துக்கு நான் பணம் கொண்டு போனபோது அவர் வாங்கவில்லை. மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவர் மனைவி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெப்ரவரியில் ஆளுநரின் அலுவலகத்திலிருந்து, என் கடிதம் கிடைத்தது என்று ஒரு மறுமொழி வந்தது. பதினொரு கொப்பிகளுக்குள் அதையும் வைத்திருக்கிறேன். கல்லில் இப்போதும் தோணி கட்டியிருக்கிறது. என் நாலு ஏக்கருக்கு அன்றுவரை செலவழித்தது, அவருடைய இரண்டு ஏக்கருக்குக் கொடுத்தது, ஓட்டோ, போட்டோப் பிரதி, ஏழு முத்திரை, எல்லாம் சேர்த்து இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்: மூன்று இலட்சத்து ஐம்பத்து மூவாயிரத்து முந்நூற்றுப் பதினைந்து ரூபாய்.