வள்ளியம்மையின் ஓட்டு

கறம்பக்குடி போகும் எங்கள் பஸ் சூடேறி நின்றுவிட்டது. எதிரே பள்ளிக்கூடத்தில் தேர்தல் நடக்கிறது. உச்சிவெயிலில் பெண்களின் வரிசை.

"வள்ளியம்மை யாரு?" என்கிறார் வாசலில் ஓட்டுச் சீட்டுகளை வாங்கி வைத்திருக்கும் அதிகாரி. யாரும் அசையவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்ட பிறகே மஞ்சள் சேலைக்காரி ஒருத்தி உள்ளே போகிறாள்.

அவள் விரலில் மையோடு வாசலோரத் தண்ணீர்ப் பானைக்கு வரும்போது, அங்கே தண்ணீர் குடிக்க நிற்கும் நான் கேட்கிறேன். "நீங்கதான் வள்ளியம்மையா?"

"அது எங்க அக்காங்க. செத்து மூணு வருசமாச்சு. லிஸ்ட்டுல அவ பேருதான் இருக்கு. அவ புருசனுக்குத்தான் என்னையக் கட்டி வச்சாக."

"ஒங்க பேரு?"

வாயைத் திறக்கிறாள். பேர் வரவில்லை. மை காயாத விரலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏ வள்ளியம்மை, வண்டில ஏறு!" ரோட்டிலிருந்து அவள் புருஷன் கூப்பிடுகிறான்.

இந்த முறை முதல் குரலுக்கே திரும்பிவிடுகிறாள்.